தராசு இல்லாத போட்டி

எங்கள் பக்கத்து மீன்பிடிப் போட்டிக்குத் தராசு கிடையாது. நுழைவுக் கட்டணமோ பரிசுக் கோப்பையோ நடுவர் மேசையோ கிடையாது. பங்குனி, சித்திரையில் கண்மாய்த் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் ஊர்ப் பெரியவர்கள் கூடி ஒரு நாள் குறிப்பார்கள். அன்று விடியுமுன்பே கரை நெடுகிலும் ஆட்கள் வந்து நிற்பார்கள். கரையில் இருக்கும் முனியாண்டிக்கோ அய்யனாருக்கோ சூடம் காட்டி முடித்ததும், ஊரில் அதற்கென்று உரிமை உள்ள ஒருவர் வெள்ளைத் துண்டை எடுத்து வீசுவார். அவ்வளவுதான். கரையில் நின்ற கூட்டம் முழுவதும் தண்ணீருக்குள் இருக்கும்.

மேலூர், கொட்டாம்பட்டி, சிங்கம்புணரி, பொன்னமராவதி வட்டாரங்களில் இது ஆண்டுதோறும் செய்தித்தாளில் படத்தோடு வரும். எங்கள் விருதுநகர் மாவட்டத்தில், மல்லாங்கிணற்றைச் சுற்றியுள்ள காரியாபட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழி கரிசல் ஊர்களில் அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. கண்மாய் நிறைந்த ஆண்டில் நடக்கும். நிறையாத ஆண்டில் கரையில் ஆடு மேயும். போட்டி நடக்குமா நடக்காதா என்பதைத் தீர்மானிப்பது சித்திரை மாதம் இல்லை. அதற்கு முந்தைய ஐப்பசியும் கார்த்திகையும்தான்.

எங்கள் மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழையின் சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். திருமங்கலம், திருச்சுழி, கமுதி வழியாகப் போகும் குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி மணல்தான். அதனால் முன்னோர்கள் மழையை ஓடவிடாமல் நிறுத்தினார்கள். ஒரு கண்மாய் நிறைந்து கலிங்கு வழியே மறுகால் பாய்ந்தால் அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர். அது நிறைந்தால் அதற்குக் கீழே உள்ளதற்கு. தமிழ்நாட்டில் இப்படி 39,000-க்கும் மேற்பட்ட ஏரிகளும் கண்மாய்களும் கணக்கில் இருக்கின்றன. பழைய இராமநாதபுரம் சீமையில் இவை ஒன்றன் வாலை ஒன்று பிடித்தபடி சங்கிலியாகக் கிடக்கும். 1985-ல் விருதுநகர் மாவட்டம் தனியாகப் பிரிந்தது. தண்ணீர் அந்த எல்லையைப் பார்த்து ஓடுவதில்லை.

இந்தச் சங்கிலியில் மீனும் பயணம் செய்கிறது. புதுத்தண்ணீர் வரும்போது கெண்டைகள் எதிரேறும். மேல் கண்மாய் மறுகால் பாயும்போது குஞ்சுகள் கீழே இறங்கும். விராலும் குரவையும் தண்ணீர் வற்றிய பிறகும் ஈரச் சேற்றுக்குள் கிடந்து உயிர் பிடித்திருக்கும். வெளிக்காற்றை இழுத்து மூச்சுவிடக்கூடிய மீன்கள் அவை. விரால் ஜோடி தன் சிவந்த குஞ்சுக் கூட்டத்தைப் பக்கத்திலேயே நின்று காவல் காப்பதைக் கரையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அந்த மீன் மீது தனி மரியாதை உண்டு. யாரும் கொண்டுவந்து விடாமலே ஒவ்வொரு மழைக்கும் கண்மாயில் மீன் பிறந்தது இப்படித்தான்.

போட்டிக்குள் இறங்கிப் பார்க்காதவர்களுக்கு ஊத்தாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மூங்கில் சிம்பாலோ இரும்புக் கம்பியாலோ கட்டியது. அடி அகலம், மேலே கை நுழையும் அளவுக்குக் குறுகிய வாய். அடிப்பக்கம் திறந்தே இருக்கும். கலங்கிய தண்ணீரில் மீன் கண்ணுக்குத் தெரியாது. ஊத்தாவைத் தூக்கித் தூக்கிக் குத்திக்கொண்டே நடக்க வேண்டும். உள்ளே ஏதாவது அகப்பட்டால் சிம்பில் முட்டும். அந்த அதிர்வு உள்ளங்கைக்கு வந்து சேரும். உடனே ஊத்தாவைச் சேற்றில் அழுத்திப் பிடித்து, மேல் வாய் வழியே கையை விட்டுத் துழாவ வேண்டும். வழுக்கினால் விரால். சுருக்கென்று குத்தினால் கெளுத்தி. செதில் உரசினால் கெண்டையோ ஜிலேபியோ. நான் முதன்முதலாக இறங்கியபோது பக்கத்தில் குத்திக்கொண்டிருந்த பெரியவர் சொன்னார்: “மீன் எங்க கெடக்குன்னு தேடாத தம்பி. வச்சு வச்சு எடு. அதுவா வந்து முட்டும்.” அவர் சொன்னதுதான் அந்தத் தொழிலின் முழு இலக்கணம்.

ஊத்தா இல்லாதவர்கள் கச்சா கொண்டுவருவார்கள். வலை, பரி, கூடை, கொசுவலை எல்லாம் வரும். பெண்கள் இருவர் ஒரு பழைய சேலையின் இரு முனையையும் பிடித்து ஓரத் தண்ணீரில் அரித்துக்கொண்டு போவார்கள். அயிரையும் பொடிக் கெண்டையும் அதில்தான் விழும். ஒரு மணி நேரத்தில் கண்மாய் முழுவதும் சேற்று நிறமாகி, மேலே வந்து வாயைத் திறக்கும் மீனைச் சிறுவர்கள் வெறுங்கையால் பிடிப்பார்கள். வெயில் ஏறும்போது எல்லாம் முடிந்திருக்கும். சாக்கு நிறையக் கட்லா கொண்டுபோகிறவர் இருப்பார். ஒரு சட்டி அயிரையோடு போகிறவர் இருப்பார். கால் கழுவிவிட்டு வெறுங்கையோடு நடக்கிறவரும் இருப்பார். அப்படி நடந்த ஒருவரைக் கூப்பிட்டு, கரையில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்த ஒரு அம்மா இரண்டு ஜிலேபியை எடுத்து அவர் துண்டில் போட்டதைப் பார்த்திருக்கிறேன். “விக்கிறதுக்கா புடிச்சேன்? பிள்ளைகளுக்கு ஆக்கிப் போடு, போ” என்றார். அன்றைய மீனை விற்கக்கூடாது என்பது வழக்கம். ஊரில் எந்த வீட்டுப் பக்கம் போனாலும் ஒரே குழம்பு வாசம் அடிக்க வேண்டும். அப்போதுதான் அடுத்த மழை தவறாமல் பெய்யும் என்பார்கள்.

இந்த வழக்கத்தை நம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டால் அதற்குள் இருக்கும் நிர்வாகம் கண்ணுக்குத் தெரியாமல் போகும். கோடையில் தண்ணீர் குறையக் குறைய அதன் வெப்பம் ஏறும். சூடான தண்ணீரில் உயிர்வளி குறையும். விட்டுவைத்தால் மீன் செத்து மிதக்கும். ஆடுமாடு குடிக்கும் கடைசித் தண்ணீரும் நாறிவிடும். ஆகவே எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுத்துவிடுவது சரியான ஏற்பாடு. மீன் போன பிறகு மிச்சத் தண்ணீர் வற்றி, உள்வாய் வெடித்துக் காயும். பிறகு கரம்பை மண்ணை அள்ளி வண்டி வண்டியாக வயலுக்கு அடிப்பார்கள். வயலுக்கு உரம் ஆயிற்று. கண்மாய்க்கு ஆழம் ஆயிற்று. மழை வருவதற்குள் மடையைப் பார்த்து, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை வெட்டிவிட்டால் ஆண்டு ஒரு சுற்று முடியும். மீன்பிடி நாள் அந்தச் சுற்றின் நடுவில் நின்றது.

வெள்ளைத் துண்டு வீசும் வரை யாரும் இறங்கக்கூடாது என்பதுதான் இந்தப் போட்டியின் முதல் விதி. அந்த விதி அன்று காலைக்கு மட்டும் எழுதப்பட்டதில்லை. கார்த்திகையில் கண்மாய் நிறைந்ததிலிருந்து அது நடப்பில் இருக்கிறது. தூண்டில் போடும் பையனை விட்டுவிடுவார்கள். வலை கட்டியவனை ஊர் கேட்கும். அத்தனை மாதம் ஒரு ஊரே கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்ததால்தான் அந்த ஒரு காலையில் எல்லோருக்கும் மீன் இருக்கிறது. ஜல்லிக்கட்டுக்கு இப்போது கார் பரிசாக வருகிறது. மாட்டுவண்டிப் பந்தயத்திலும் பரிசுத்தொகையும் நன்கொடையாளர் பெயரும் ஒலிபெருக்கியில் முழங்குகின்றன. பரிசு என்ற ஒன்று இல்லாமலே ஆயிரக்கணக்கானவர்களை இறக்கிவிடும் போட்டியாக இது ஒன்றுதான் எங்கள் பக்கம் மிஞ்சியிருக்கிறது.

எடைபோடும் போட்டி எப்படி இருக்கும் என்பதற்கு வட அமெரிக்காவின் ஈரி ஏரியைப் பார்க்கலாம். அங்கே வாலாய், ஸ்டீல்ஹெட் என்ற மீன்களுக்காகப் போட்டிகள் நடக்கின்றன. படகை மெதுவாக ஓட்டியபடி, பின்னால் பல தூண்டில் கயிறுகளை வெவ்வேறு ஆழத்தில் இழுத்துக்கொண்டு போவார்கள்; இதை டிரோலிங் என்பார்கள். ஸ்டீல்ஹெட் நமக்கு முற்றிலும் அந்நியமானதில்லை. அது ரெயின்போ டிரவுட் இனம்தான். நீலகிரியில் அவலாஞ்சியில் 1907-ல் ஏற்படுத்திய பொரிப்பகத்திலிருந்து மலை ஓடைகளுக்குப் போன அதே மீன். ஈரி ஏரிக்கும் அது வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டதுதான். பிடித்த மீன்களில் பெரியவற்றைக் கரைக்குக் கொண்டுவந்து நிறுப்பார்கள். மொத்த எடை அதிகம் உள்ள அணிக்குப் பரிசு.

2022 செப்டம்பர் 30 அன்று கிளீவ்லாந்து நகரில் அப்படியொரு வாலாய்ப் போட்டியின் இறுதிச்சுற்று நடந்தது. முன்னணியில் நின்ற இருவர் கொண்டுவந்த 5 மீன்களும் பார்வைக்குச் சுமார் 20 பவுண்டு இருக்கும். தராசு ஏறத்தாழ 34 பவுண்டு காட்டியது. போட்டி நடத்துபவர் மீனின் வயிற்றைக் கீறினார். ஈயக் குண்டுகள் விழுந்தன. வேறு மீனின் சதைத் துண்டுகளும் உள்ளே திணிக்கப்பட்டிருந்தன. கையில் வரவிருந்த பரிசு 28,000 டாலருக்கு மேல். மறு ஆண்டு இருவரும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 10 நாள் சிறைக்குப் போனார்கள். எங்கள் கண்மாயில் மீன் வயிற்றில் ஈயம் வைக்க ஒருவருக்கும் தேவை வந்ததில்லை. தராசு இல்லாத இடத்தில் எடையைக் கூட்டி என்ன செய்வது?

ஆனால் இந்தக் கதையை இங்கே நிறுத்திவிட்டு நம் முதுகை நாமே தட்டிக்கொள்வது நேர்மையாகாது. ஈரி ஏரியைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி வேறு. 1960-களில் அந்த ஏரி செத்துவிட்டது என்றே பத்திரிகைகள் எழுதின. கழிவும் பாசியும் அதை மூச்சுத்திணற வைத்தன. அதே கிளீவ்லாந்தில், ஏரிக்குள் வந்து சேரும் கயாஹோகா ஆற்றின் மேல் மிதந்த எண்ணெய் 1969 ஜூனில் தீப்பற்றி எரிந்தது. 1970-ல் பாதரசம் கலந்திருந்ததால் வாலாய் பிடிப்பதற்கே தடை வந்தது. 1972-ல் அமெரிக்காவும் கனடாவும் ஏரிகளின் நீர்த் தரத்துக்கென ஒப்பந்தம் போட்டன. சாக்கடைக்குச் சுத்திகரிப்பு வந்தது. சோப்புத்தூளில் பாஸ்பரஸ் குறைந்தது. பிடிக்கும் அளவுக்கு வரம்பு வந்தது. வாலாய் திரும்ப வந்தது. தூண்டில் உரிமத்துக்கு மக்கள் கட்டும் பணம் அங்கே மீன்வளத் துறைகளுக்குப் போகிறது. மீன் வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் தண்ணீருக்கும் பொறுப்பேற்றார்கள். இன்று ஈரியில் போட்டி நடத்த மீன் இருப்பது அதனால்தான்.

நம்மிடம் அந்தக் கண்ணி அறுந்திருக்கிறது. மீன்பிடி நாளுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி போனால் மூன்று மாவட்டத்திலிருந்து இருசக்கர வண்டிகளும் சரக்கு ஆட்டோக்களும் வந்துவிடுகின்றன. அதே கண்மாயின் வரத்துக்காலை வெட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் எத்தனை பேர் வருகிறார்கள் என்பது ஒவ்வொரு ஊருக்கும் தெரியும். முன்பு குடிமராமத்து என்ற பெயரில் ஆயக்கட்டுக்காரர்கள் வீட்டுக்கு ஒரு ஆள் அனுப்பிச் செய்த வேலை அது. 2017-ல் அரசு அதே பெயரில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. கரை உயர்ந்தது, சில மடைகள் புதிதாயின, நல்லதுதான். ஆனால் கரையை உயர்த்துவது புகைப்படத்தில் தெரியும். இரண்டு மைல் தள்ளி, பட்டா நிலத்துக்கும் புறம்போக்குக்கும் நடுவே சீமைக் கருவேலத்துக்குள் மறைந்துபோன வரத்துக்கால் தெரியாது. சாலை போடும்போது குழாய் வைக்காமல் மூடிய ஓடையும் தெரியாது. மழை பெய்கிறது, கரை உயரமாக நிற்கிறது, தண்ணீர் மட்டும் வந்து சேர்வதில்லை என்ற நிலைமை இப்படித்தான் வருகிறது.

மீன் கதையும் மாறிவிட்டது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி, பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசி மூலம் செலுத்திக் குளத்துத் தண்ணீரிலேயே பெருங்கெண்டைகளை முட்டையிட வைத்தார். நாட்டுக்கே மீன் தந்த வேலை அது. அந்த நாள் இன்று தேசிய மீன் விவசாயிகள் நாளாக இருக்கிறது. கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகள் இன்று எந்தக் கண்மாய்க்கும் பாலித்தீன் பையில் வந்து இறங்குவது அதனால்தான். ஆனால் அவை இயல்பாகக் கண்மாயில் இனம் பெருக்குவதில்லை. ஓடும் வெள்ளம் வேண்டும். ஆண்டுதோறும் விட வேண்டும், ஆண்டுதோறும் எடுக்க வேண்டும். விடுவதற்குப் பணம் போட்டவர் எடுப்பதற்கு உரிமை கேட்பார். இதுதான் மீன்பாசிக் குத்தகை. ஏலம் எடுத்தவர் காவலுக்கு ஆள் போடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் போட்டது கடன் பணமாகக்கூட இருக்கும். ஆனால் குத்தகைதாரரின் காவலுக்கும் ஊரின் காத்திருப்புக்கும் வேறுபாடு உண்டு. ஊர் காத்திருந்தபோது கண்மாய் எல்லோருடையதாக இருந்தது. காவலாள் நிற்கும்போது அது பன்னிரண்டு மாதத்துக்கு ஒருவருடையதாகிறது. அவர் பெரிய வலையை இழுத்து விலைபோகும் மீனை எடுத்துக்கொண்ட பிறகு மிச்சத்தில் ஊர் இறங்குகிறது. கூடுதல் எடைக்காக, தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியைத் திருட்டுத்தனமாக வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அது ஒரு வெள்ளத்தில் தப்பிக் கண்மாய்க்குள் வந்துவிட்டால் நாட்டு மீன் குஞ்சுகளுக்கு அங்கே வாழ்வில்லை.

எல்லோருடையதாக இருந்தது என்று எழுதும்போதே ஒரு இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. எல்லோரும் என்றால் யார்? கண்மாய்த் தண்ணீரில் முதலில் கால் வைக்கும் உரிமை, வெள்ளைத் துண்டை வீசும் கை, முதல் மரியாதை வாங்கும் குடும்பம் இவையெல்லாம் சாதியின்படி வகுக்கப்பட்டிருந்தன. கண்மாய்க்கரையில் வாழ்ந்தும் அந்தக் கண்மாயில் உரிமை கேட்க முடியாதவர்கள் இருந்தார்கள். ஊராட்சித் தலைவர் நாற்காலி என்பது கண்மாய், பொது மரங்கள், மீன்பாசி போன்ற ஊர்ப் பொதுச்சொத்துகளின் மேல் கை வைக்கும் நாற்காலி. 1996-ல் மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பையும், தலைவராகத் தேர்வான முருகேசன் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டதையும் அந்த உரிமையிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. மீன்பிடி விழா ஒற்றுமையின் அடையாளம் என்று ஆண்டுதோறும் எழுதுகிறோம். அந்த ஒரு நாளில் சேறு எல்லோர் மேலும் ஒரே நிறமாகப் படிகிறது என்பது உண்மை. அடுத்த நாள் மீன்பாசி ஏலத்தில் யார் குரல் எழும்பலாம், யார் எழும்பக்கூடாது என்பதும் உண்மை. முதல் உண்மையை மட்டும் படம் பிடித்துக்கொண்டிருந்தால் இந்த வழக்கத்தைக் காப்பாற்ற முடியாது. இளைஞர்கள் கேள்வி கேட்பார்கள்; கேட்க வேண்டும். ஊத்தாவோடு வருகிற யாரும் இறங்கலாம் என்பது ஊத்தாவுக்கு மட்டும் இல்லாமல் ஏலத்துக்கும் கணக்குக்கும் பொருந்த வேண்டும்.

காவிரி, வைகை, குண்டாறு இணைப்புக்கு 2021 பிப்ரவரியில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அடிக்கல் நாட்டினார்கள். அந்தத் தண்ணீர் வரட்டும்; எங்கள் சீமை அதற்கு ஏங்கித்தான் கிடக்கிறது. ஆனால் எவ்வளவு பெரிய கால்வாய் வந்தாலும் கடைசி இரண்டு மைலை வரத்துக்கால் வழியாகத்தான் கடக்க வேண்டும். 2007-லேயே ஏரி, குளங்களைப் பாதுகாத்து ஆக்கிரமிப்பை அகற்ற ஒரு சட்டம் இயற்றினார்கள். நில அளவையர் வந்து கல் ஊன்றினால்தான் அந்தச் சட்டம் ஊருக்குள் வரும். ஊன்றச் சொல்லிக் கேட்க ஆள் வேண்டும். ஒரு வெள்ளைத் துண்டுக்கு ஆயிரம் பேர் கூடுகிற ஊர்களில் அப்படிக் கேட்பதற்கு ஆள் பஞ்சம் இருக்க நியாயமில்லை.

மல்லாங்கிணறு பேரூராட்சி, சுற்றியுள்ளவை பெரும்பாலும் ஊராட்சிகள். ஊராட்சிகளில் கிராம சபை கூடும் நாட்களில் மார்ச் 22, மே 1, அக்டோபர் 2 ஆகியவை உண்டு. முதலாவது மீன்பிடிக் காலத்தின் தொடக்கத்தில் வருகிறது, இரண்டாவது அதன் பின்பகுதியில், மூன்றாவது மழைக்கு முன்னால். மீன்பாசி ஏலத்தொகை எவ்வளவு, அதில் எவ்வளவு அதே கண்மாயின் வரத்துக்காலுக்குச் செலவாயிற்று என்று மார்ச்சில் கணக்குக் கேட்கலாம். குத்தகைப் பத்திரத்தில், கோடையின் கடைசித் தண்ணீர் மீன் ஊருக்குப் பொது என்று ஒரு வரி சேர்க்க மே மாதத்தில் தீர்மானம் போடலாம். அக்டோபர் கூட்டத்துக்கு வரத்துக்காலின் வரைபடத்தை வருவாய்த் துறையிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டு போகலாம். கண்மாயிலிருந்து எதிர்த்திசையில் அந்த வரத்துக்காலை நடந்து பார்த்துவிட்டு வந்தவர்கள் பேசட்டும். எந்த இடத்தில் மண் மேவியிருக்கிறது, எந்தப் பாலத்தில் குழாய் அடைத்திருக்கிறது, யார் வேலி உள்ளே வந்திருக்கிறது என்று அவர்களால்தான் சொல்ல முடியும். நடப்பதற்கு ஒரு பொழுது போதும். கருவேல முள்ளுக்குச் செருப்பு மட்டும் தடிமனாக இருக்க வேண்டும்.